அடி இல்லாத கடல்

வெள்ளவத்தை
12.08.2001

என் அருமை மச்சாள் சரோவுக்கு,

சுகம் விசாரிப்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். நான் நலம். நீயும் அண்ணாவும் கொக்குவிலில் நலமாக இருக்க இங்கத்தைப் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன். சரி, முடிந்தது. இனி விஷயத்துக்கு வா!

எடி, எனக்கு ஒரு மண்டபம் கிடைத்திருக்கிறது. கல்யாண மண்டபம் இல்லை, வாயைப் பிளக்காதே. கொட்டாஞ்சேனையில் டொக்டர் கிளெமென்ற் என்று ஒருவர் இலவசக் கண் சிகிச்சை நிலையம் நடத்துகிறார். ஒரு வானொலி அறிவித்தல் பதிவு செய்ய எங்கள் ஸ்ரூடியோவுக்கு வந்தவர், தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்: "ஒப்பரேஷன் செய்த சனம் கண்ணில கட்டோட நாலு மணித்தியாலம் மண்டபத்தில இருக்குதுகள். ஒன்றும் தெரியாது. லொறி ஹோர்னும் ஜெனரேற்றரும்தான் துணை. பயந்து நடுங்குதுகள்."

நான் யோசிக்கவேயில்லை. "சேர், அந்த மண்டபத்துக்கு நான் ஒரு சத்தம் செய்து தரட்டோ?" என்று கேட்டுவிட்டேன். பாட்டு இல்லை, செய்தி இல்லை. காலையில் ஒரு மாதிரி, பின்னேரம் வேறு மாதிரி, நாள் முழுக்க மெல்ல மெல்ல மாறுகிற சத்தம். யாரும் அதைக் கவனித்துக் கேட்கத் தேவையில்லை, அதற்குள் இருந்தால் போதும். அவர் "செய்யுங்கோ" என்றார்! நிர்வாகக் குழுத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசாதான், "ஒரு ரீவியைப் பூட்டினால் சரிதானே" என்று முகத்தைச் சுளித்தாராம். கண் கட்டின சனத்துக்கு ரீவி! எட்டு வருஷமாக முப்பது செக்கன் சோப்பு விளம்பரம் வெட்டி ஒட்டின கை இது, மச்சாள். இது பிழைத்தால் சாகும்வரை சோப்புத்தான்.

நேற்று ரயில் பாதையோரம் நின்று கடலைப் பதிவு செய்தேன். விமான நிலையம் அடிபட்டு மூன்று கிழமைகூட ஆகவில்லை, நான் மைக்கோடு நிற்கிறேன், அறிவைப் பார். பொலிஸ் வந்தது. அடையாள அட்டை, எந்த ஊர், யார் வீடு, எல்லாம் கேட்டுவிட்டு பொலிஸ் பொறுப்பதிகாரி கசெற்றைப் போடச் சொன்னார். நாலு பொலிஸ்காரர் குனிந்து நின்று நாற்பது நிமிஷம் கேட்டார்கள். கடைசியில் ஒருவன், "மே முஹூதனே!" என்றான். ஓம் ஐயா, கடல்தான், அதைத்தானே இவ்வளவு நேரமும் சொன்னேன்!

தரைப்பாதை மூடிக் கிடப்பதால், அந்தக் கசெற்றின் கொப்பியைக் கப்பலில் வருகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அண்ணாவுக்கும் போட்டுக் காட்டு. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே சாவகச்சேரியில் அவருடைய லவுட்ஸ்பீக்கர் கடையில்தானே. கோயில் திருவிழாவுக்கு வயர் இழுக்க முதல் அவர் அதன் நுனியில் முடிச்சுப் போடுவதைப் பார்த்து, "பெட்டிக்குத் தாலி கட்டுறார்" என்று நீயும் நானும் சிரிப்போமே. கடை செல்லடியில் தரைமட்டமாகி ஒரு வருஷமாகிவிட்டது. அன்றைக்கு அவர் பருத்தித்துறைக்குப் போயிருந்தது தெய்வச் செயல். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமோ? ஒரு வரி எழுதச் சொல்லு.

உன் கடிதம் காணும்வரை வாசலையே பார்த்திருக்கும்,
றஞ்சிதம்

கொக்குவில்
20.09.2001

அன்பு றஞ்சிக்கு,

இங்கு இருவரும் சுகம். உன் சுகமும் அதுவாகவே இருக்கட்டும். பொலிஸ் கதை வாசித்துச் சிரித்தேன். இனித் தனியே போகாதே.

கசெற் கேட்டோம். நான் வாத்தியாரம்மா, பிழை குறிக்காமல் விடமாட்டேன். பன்னிரண்டாவது நிமிஷத்தில் ரயில் திடீரென்று வருகிறது. அது கூடாது. வருகிறதானால் தூரத்திலிருந்து வரட்டும், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வரட்டும். மற்றப்படி கடல் நல்லது. மிகவும் நல்லது. இரண்டாம் பக்கத்தை ஐந்து தரம் போட்டேன்.

இன்னும் அனுப்பு. பற்றறியும் நாலு சேர்த்து அனுப்பு.

கொண்ணர் சுகம். தங்கச்சியில் அவருக்கு ஒரு கோபமும் இல்லை.

அன்புடன்,
சரோஜினிதேவி

வெள்ளவத்தை
14.10.2001

சிவப்புப் பேனா மச்சாளுக்கு,

உடம்பு எப்படி? எனக்குத் தடிமன், ஆனால் சந்தோஷத் தடிமன். உனக்கு இப்படி ஒரு காது இருப்பது தெரியாமல் போய்விட்டதே! நீ சொன்னபடி ரயிலைத் தெகிவளையிலிருந்தே வரவிட்டேன். டொக்டர் கேட்டுவிட்டு, "இப்ப ரயில் வாறது சொந்தக்காரர் வாற மாதிரி இருக்கு" என்றார். என்னுடைய பேரையல்ல, உன் பேரைத்தான் சுவரில் எழுதவேண்டும்.

போன சனிக்கிழமை மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள் பூட்டினேன். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, எல்லாம் முகட்டோடு. ஏணியில் ஏறி நானே வயர் இழுத்தேன்! வெள்ளை வயர், சுவரோடு சேர்ந்து இருப்பதே தெரியாது. லுத்பியா என்று கிராண்ட்பாஸ் நேர்ஸ் ஒருத்தி, ஏணியைப் பிடித்துக்கொண்டே துவா ஓதினாள்.

ஒரு சிக்கல். ஸ்ரூடியோவில் நெஞ்சை நிறைக்கிற கடல், மண்டபத்தில் போட்டால் சப்பென்று இருக்கிறது. அடி இல்லை, அந்தக் கனத்த கீழ்ச்சத்தம் வரவில்லை, மேலே நுரை மட்டும். லுத்பியா சொல்கிறாள், "மிஸ், இது கடலில்ல, பைப்புத் தண்ணி மாதிரி ஈக்கிது." சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெட்டி மலிவுப் பெட்டி, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடியில் வேறு ஏதாவது சேர்த்து நிரப்பப் பார்க்கிறேன்.

இரண்டாவது கசெற் இத்துடன் வருகிறது. கொட்டாஞ்சேனை மாதா கோயில் புறாக்கள், தையல் மெஷின், பலகையில் கொத்துரொட்டி அடிக்கிறது, கோயில் மணி. பற்றறி எட்டு.

அண்ணாவுக்குக் கையில் ஏதும் சுகமில்லையோ? பேனை பிடிக்க ஏலாதோ? நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

உன் றஞ்சி

கொக்குவில்
25.11.2001

அன்பு றஞ்சி,

தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். கொத்தமல்லி குடி.

தையல் மெஷினை எடுத்துவிடு. கொத்துரொட்டியை அதைவிட முதல் எடுத்துவிடு. விட்டுவிட்டு அடிக்கிற எந்தச் சத்தமும் வேண்டாம். மணி இருக்கலாம், ஆனால் முதல் அடி மெல்லமாக வரட்டும்.

புறாவைத் தொடாதே! அது அப்படியே இருக்கட்டும். எட்டுப் பற்றறியும் புறாவோடு முடிந்தது. நேற்று அது பாடிக்கொண்டிருக்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

கையில் ஒன்றுமில்லை. கொண்ணர் சுகம்.

சரோ

வெள்ளவத்தை
28.12.2001

மச்சாள்! மச்சாள்! மச்சாள்!

சுகம், சுகம், எல்லாரும் சுகம்! சண்டை நிற்கப்போகிறதாம்! காலி வீதியில் தடை முகாமில் நிற்கிற பெடியன் இன்றைக்கு என் அடையாள அட்டையைப் பார்க்காமலே, "யன்ன அக்கே" என்று போகச் சொல்லிவிட்டான். திரும்பிப் போய்க் காட்டவேண்டும் போல இருந்தது.

அடுத்த சந்தோஷம். கடலுக்கு அடி கண்டுபிடித்துவிட்டேன்! சுருதிப்பெட்டியை வாசித்துப் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாக்கி, இன்னும் பாதியாக்கி, ஒரே நீளமான 'ம்ம்ம்' என்று கடலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். முகட்டிலிருந்து மெல்ல இறங்கும், நாள் முழுக்க நிற்கும். ஸ்ரூடியோவில் எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. மூன்றாவது கசெற். இதில் மட்டும் சிவப்புப் பேனா வைக்காதே, சொல்லிப்போட்டேன்.

ஜனவரி இருபதில் வெள்ளோட்டம். ஸ்ரீஸ்கந்தராசா ஐயாவும் வருகிறார்.

துள்ளிக்கொண்டிருக்கும்,
றஞ்சி

கொக்குவில்
10.01.2002

றஞ்சி,

நீ சுகமாக இரு. அந்த 'ம்ம்ம்' சத்தத்தை எடுத்துவிடு. முழுவதும் எடுத்துவிடு. ஏன் என்று கேட்காதே, நான் உன்னைக் கும்பிட்டுக் கேட்பதாக நினைத்துக்கொள்.

இனிப் புதுக் கசெற் அனுப்பமுதல் அதில் என்ன இருக்கிறது என்று எழுது.

சரோ

வெள்ளவத்தை
27.01.2002

அன்பு சரோ,

நான் உடம்பால் சுகம். மற்றது இனித்தான் சொல்லவேண்டும்.

உன் கடிதம் பத்தொன்பதாம் திகதியே கிடைத்துவிட்டது. எனக்குச் சரியான கோபம். 'இவளுக்குச் சங்கீதம் என்ன தெரியும்' என்று கசக்கி எறிந்தேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், நீ ஏசு.

வெள்ளோட்டத்துக்குப் பதினொரு நோயாளிகள் இருந்தார்கள். ஏழு பேர் வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருப்பவர்கள். கடலைப் போட்டேன், புறாவைப் போட்டேன், எல்லாம் நல்லாகப் போனது. பிறகு சுருதியை மெல்ல ஏற்றினேன். கண் கட்டாத ஆட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முகட்டைப் பார்த்தார்கள். சிவபாதசுந்தரம் என்று மீசாலை ஐயா ஒருவர், இரண்டு கண்ணிலும் கட்டு, தன் மனுஷியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாங்கள் இருந்த வாங்குக்குக் கீழே போய்விட்டார். "வண்டு வந்திட்டுது, படு, படு" என்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, மச்சாள்! வண்டு எங்கே என்று நிலத்தைப் பார்க்கிறேன்! லுத்பியாதான் ஓடிப்போய் நிறுத்தினாள்.

பிறகு அந்த அம்மா சொன்னா. குண்டுபோட முதல் வேவு பார்க்க ஒரு விமானம் வருமாம், மேலே நின்று இரைந்துகொண்டே இருக்குமாம், அதைத்தான் வண்டு என்பார்களாம். பதினாறு வயதில் கொழும்புக்கு வந்த எனக்கு இது எப்படித் தெரியும்? என் சுருதி அதே சத்தமாம்.

ஐயாவின் காலில் விழுந்தேன். அவர் என் தலையைத் தடவி, "உனக்குத் தெரியாதுதானே பிள்ளை" என்றார். அதற்குப் பிறகுதான் நான் அழுதது.

ஸ்ரீஸ்கந்தராசா ஐயா ரீவிக்கு விலை கேட்கப் போய்விட்டார். டொக்டர் கிளெமென்ற் மார்ச் இருபத்துநாலு வரைக்கும் எனக்குத் தவணை வாங்கித் தந்திருக்கிறார். கடைசித் தவணை.

இப்போது நீ சொல்லு. உனக்கு இது தெரிந்திருந்தது. தையல் மெஷினும் கொத்துரொட்டியும் துவக்குச் சத்தம் மாதிரி என்று இப்போது விளங்குகிறது. ஆனால் நீ ஒரு நாளும் சத்தத்துக்குப் பயந்தவள் இல்லையே. என் கசெற்றுகளை அங்கே யார் கேட்கிறது, சரோ?

றஞ்சிதம்

கொக்குவில்
12.02.2002

என் றஞ்சிக்கு,

நான் சுகம். அதை மட்டும்தான் இதுவரை உண்மையாக எழுதினேன்.

கொண்ணர் அன்றைக்குப் பருத்தித்துறைக்குப் போகவில்லை. கடைக்குள்தான் இருந்தார். பகல் கூரை விழுந்தது, அடுத்த நாள் விடியத்தான் எடுத்தார்கள். கைகாலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கூரைக்குக் கீழே கிடந்த நேரமெல்லாம் மேலே அந்த வண்டு நின்றிருக்கிறது.

கொக்குவிலுக்கு வந்த நாளிலிருந்து வளவில் வெட்டியிருக்கிற பங்கர் குழிக்குள்தான் இருப்பு. சாப்பாடும் அங்கேதான். காதில் பஞ்சு. ஒரு நாளைக்கு இரண்டு சொல்லுக் கதைப்பார். "தங்கச்சிக்குச் சொல்லாதை, பயப்பிடுவாள்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அதுதான் அவர் கடைசியாகச் சேர்த்துப் பேசிய வசனம்.

உன் முதல் கசெற்றைப் பங்கர் வாசலில் வைத்துப் போட்டேன். கடல் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். ரயில் வந்தது, திரும்ப அடைத்துக்கொண்டார். அதைத்தான் நான் உனக்குச் சிவப்புப் பேனாவில் எழுதினேன். புறாவுக்கு மூன்று படி ஏறி வந்து வெயிலில் இருந்தார். சுருதியைக் கேட்டு உள்ளே போனவர் ஒன்பது நாள் வெளியே வரவில்லை.

உன்னில் எனக்குக் கோபமில்லை. சத்தியத்தை உடைத்துவிட்டேன், அவ்வளவுதான். நீ அழாதே, வேலையை முடி. உன் கசெற் வந்தால் அவருடைய முகம் மாறுகிறது, அது எனக்கு வேண்டும்.

சரோ

வெள்ளவத்தை
24.02.2002

என் சரோ,

நீ எப்படி இவ்வளவு நாளும் தனியே தாங்கினாய்? எனக்கு உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருக்கிறது. இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் ஏணியில் ஏறினேன்.

சண்டை நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, கடிதமும் இப்போது கெதியாக வருகிறது. ஆகவே இதைக் கவனமாகக் கேள். இந்தக் கசெற் ஸ்ரூடியோக் கொப்பி இல்லை. மண்டபத்தில் சத்தத்தைப் போட்டுவிட்டு, றெக்கோடரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவும் நடுவாலும் நடந்து எடுத்தது. கடல், தூரத்து ரயில், புறா, மெல்லிய மணி, என் செருப்புச் சத்தம். வேறு ஒன்றும் இல்லை, சத்தியமாக. சுருதி இல்லை, ஆகவே கடல் பழையபடி பைப்புத் தண்ணிதான். ஸ்ரூடியோவிலிருந்து மூன்று பேரைக் கூட்டிவந்து காட்டினேன், பெட்டியைத்தான் மாற்றவேண்டும் என்கிறார்கள். அதற்கு வழியில்லை. ரீவி வந்துவிடும் போலத்தான் இருக்கிறது.

அவருக்கு ஒன்றும் சொல்லாதே. தங்கச்சி நடக்கிற சத்தம் என்று மட்டும் சொல்லு.

உன் றஞ்சி

கொக்குவில்
11.03.2002

றஞ்சி,

சுகம்.

செருப்பை இழுத்து இழுத்து நடக்கிறாய், இன்னும் திருந்தவில்லை.

பெட்டியில் பிழை இல்லை. நீ சுவரோரம் போகும்போது கடல் கனக்கிறது, நடுவுக்கு வரும்போது மெலிகிறது. ஒரு பக்கப் பெட்டி முன்னுக்குத் தள்ள மற்றப் பக்கப் பெட்டி பின்னுக்கு இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து அடியைத் தின்கிறது. வயர் இரண்டு நரம்பும் ஒரே நிறமாக இருந்திருக்கும், நீ மாறிப் பூட்டியிருக்கிறாய். எது எந்த நரம்பு என்று தெரிய, ஒரு நரம்பில் இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டனீயோ? போட்டிருக்கமாட்டாய். சிரிக்கத்தான் தெரியும்.

ஆம்பிளிபயருக்குப் பின்னால் ஒரு பக்க வயரைக் கழற்றி நுனிகளை மாற்றிப் பூட்டு. ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் மாற்றினால் பிறகும் நீ எழுதின அதே பைப்புத் தண்ணிதான்.

புறா நல்லது.

பாலசுந்தரம்

வெள்ளவத்தை
25.03.2002

என் அண்ணாவுக்கு,

உங்கள் கையெழுத்தைத் தபால் உறையில் கண்டதும் படியிலேயே இருந்துவிட்டேன். வீட்டுக்காரி யாரோ செத்துப்போனார்கள் என்று ஓடிவந்தா. சுகமா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். சுகமா, அண்ணா?

கடிதத்தோடு நேரே கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். ஒரு பக்கத்தைக் கழற்றினேன். நுனிகளை மாற்றினேன். ஒரு பக்கம் மட்டும்! போட்டேன். அண்ணா, கடல் வந்தது! நிலத்தாலே வந்தது! எட்டு மலிவுப் பெட்டிக்குள் இவ்வளவு தண்ணி எங்கே ஒளித்திருந்தது? லுத்பியா மருந்துத் தட்டை வைத்துவிட்டு, "அல்லாஹ், இப்பதான் கடல் ஈக்கிது!" என்றாள். ஸ்ரூடியோவில் மூன்று பேரும் சேர்ந்து காணாததைக் கொக்குவிலில் இருந்துகொண்டு என் செருப்புச் சத்தத்தில் கண்டுபிடித்தீர்களே!

நேற்றுத் திறப்பு விழா. பதினாலு பேர். சிவபாதசுந்தரம் ஐயாவும் வந்திருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகட்டைப் பார்க்கவில்லை. இந்த முறை தான் ஒப்பரேஷன் செய்து, கண் கட்டோடு பக்கத்தில் இருந்த அவருடைய மனுஷியிடம் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். பெரிய அலை ஒன்று வந்தது. அந்த அம்மா இரண்டு காலையும் வாங்குக்கு மேலே தூக்கி, சேலைக் கரையை ஒரு கையால் கூட்டிப் பிடித்தா. நனையுமாம்! ஸ்ரீஸ்கந்தராசா ஐயா அதைப் பார்த்தார், தன்னுடைய சப்பாத்தைப் பார்த்தார், பிறகு ரீவிக் கதையே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரமுதல் ஏணி வைத்து ஏறி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு நரம்பில் முடிச்சுப் போட்டேன். பெட்டிக்குத் தாலி கட்டியாச்சு. இறுக்கமாக இருக்கிறதோ என்று பார்க்க ஆள் வேண்டும். மூடிக் கிடந்த வடக்குப் பாதை அடுத்த மாதம் திறக்கப்போகிறதாம். அவசரமில்லை. அந்த மண்டபத்தில் திடீரென்று ஒன்றும் வராது, நான் பொறுப்பு.

புதிய கசெற் ஒன்று வருகிறது, அதில் அந்த அலை இருக்கிறது. பற்றறி பன்னிரண்டு.

மச்சாளுக்கு என் முத்தங்கள். ஆனால் இந்தக் கடிதத்துக்கு அவ பதில் எழுதக்கூடாது.

உங்கள் தங்கச்சி,
றஞ்சி